‘கேவிட்டேஷன்’ – ‘குமிழ்நொடிப்பு’ எனலாமா? (பேனாத் துப்புரவுக் குறிப்புக்கான சொற்கள்)

நண்பர்களுக்கு வணக்கம்.

ஊற்றுப்பேனாக்களை அல்ட்ராசோனிக் கிளீனரில் கழுவுவது பற்றி நாம் எழுதிவரும் குறிப்புக்காக நண்பர்கள் முன்மொழிந்துள்ள தமிழ்ச் சொற்களில், ‘அல்ட்ராசோனிக்’ என்பதற்கான ‘மீயொலி’ குறித்து எனக்கு மறுப்பில்லை. நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டு நம் செவிக்கு எட்டாமல் போகும் ஒலியைப் பாடநூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. ‘கேவிட்டேஷன்’ (நீரில் நுண்குமிழிகள் பிறந்து சரிவது) என்பதற்கு முன்மொழியப்பட்டுள்ள ‘அதிர்வுக் கழுவல்’தான் எனக்கு உறுத்துகிறது.

அந்தச் சொல் தரும் எண்ணத்தால் நானே ஏமாந்திருக்கிறேன். கருவி நீரை மெல்ல அதிரவைக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்து, கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்ததைக் கவனியாமல் ஒரு பழைய பேனாவை முழுதாக உள்ளே இட்டு எட்டு நிமிடம் ஓடவிட்டேன். வெளியே எடுத்தபோது விரிசல் கழுத்தைப் பாதி சுற்றியிருந்தது. மூடி வளையத்தின் தங்கப்பூச்சும் ஓரிடத்தில் உரிந்திருந்தது.

வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் நொடிக்கு 40,000 அதிர்வுகளை ஒட்டி இயங்குகின்றன. ஒவ்வோர் அதிர்விலும் நீரின் அழுத்தம் தாழும்போது நுண்குமிழிகள் பிறந்து பருக்கின்றன. அழுத்தம் ஏறும்போது அவை உள்நோக்கிச் சரிகின்றன. கெட்டியான பரப்பை ஒட்டிய குமிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒடுங்குவதில்லை. அதன் எதிர்ப்புறச் சுவர் உட்குழிந்து, ஊசி போன்ற நீர்த்தாரையாக அப்பரப்பின்மீது பாய்கிறது. நிப்பின் பிளவிலும் அதன் அடித்துண்டிலுள்ள (நிப்புக்கு அடியில் மையை இறக்கித் தரும் ‘ஃபீட்’) மெல்லிய வரிகளிலும் காய்ந்து இறுகிய மையைப் பெயர்ப்பது இந்தச் சரிவுதான். பூச்சை உரிப்பதும் அதுவேதான். ஐயமுள்ளவர்கள் மெல்லிய அலுமினியத் தாளை ஓரிரு நிமிடம் அந்நீரில் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். குண்டூசியால் குத்தியதுபோல் புள்ளிப்புள்ளியாகத் துளைகள் தெரியும்.

எனவே சொல்லில் குமிழியும் வேண்டும், அதன் சரிவும் வேண்டும். ‘குழிவாதல்’ மூலச்சொல்லை (‘கேவிட்டி’ என்றால் குழிவு) அப்படியே பெயர்த்ததே தவிர, படிப்பவருக்கு எதையும் காட்டவில்லை. ‘குமிழாக்கம்’ பாதிக்கதைதான், சோடாப் புட்டியிலும் குமிழாக்கம் நடக்கிறது. ‘குமிழி வெடிப்பு’ திசையையே மாற்றிவிடுகிறது. நான் முன்வைப்பது ‘குமிழ்நொடிப்பு’. தொழில் நொடித்துப்போயிற்று என்கிறோம். உள்ளே தாங்க வலுவின்றிச் சரிவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகக் கூறும் கைந்நொடியும் இதில் ஒலிக்கிறது: சட்டென்று நிகழ்வது, ஓசையோடு நிகழ்வது. குமிழியின் சரிவுக்கு இவ்விரண்டும் பொருந்தும். ‘நொடிப்பு’ என்றால் திவால் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: முன்னால் குமிழ் நிற்கும்வரை யாரும் வட்டிக்கடையை நினைக்கமாட்டார்கள்.

கருவியின் பெயருக்கு வருகிறேன். ‘மீயொலிக் கழுவி’ எழுத்தில் வினையெச்சமாகவும் படிக்கப்படும் (‘மீயொலிக் கழுவி எடுத்த நிப்பு’). ‘மீயொலி அலசி’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் குறிப்பில் அலசுதல் தனியொரு படி. கருவி பெயர்த்துவிட்ட மைத்துகள்களை ரப்பர்க்குமிழால் நீர் பீய்ச்சி வெளியேற்றுவதை அச்சொல்லால்தான் குறிக்கிறோம். கருவியையே அலசி என்றால் அந்தப் படி முடிந்துவிட்டதென்று சிலர் பேனாவைப் பூட்டிவிடுவார்கள். ‘மீயொலித் தொட்டி’ போதும் என்பது என் கருத்து. தொட்டி என்றதும் நீர் நினைவுக்கு வரும்; நீரில்லாமல் ஓட்டினால் கருவி கெட்டுவிடும் என்பதால் அதுவும் நல்லதே.

இச்சொற்களைக் கொண்டு எச்சரிக்கைப் பத்தியை எழுதிப் பார்த்தேன், திருத்தங்கள் வரவேற்கப்படுகின்றன:

“குமிழ்நொடிப்பு மையையும் பூச்சையும் வேறுபடுத்தி அறியாது. ஆகவே நிப்பு, அடித்துண்டு, விரிசலற்ற கழுத்து ஆகியவற்றை மட்டும் மீயொலித் தொட்டியில் இடுக. மை நிரப்பும் ரப்பர்ப்பை, செல்லுலாய்டு, கேசின் (பால்புரதப் பிளாஸ்டிக்), எபொனைட் (கடின ரப்பர்), அரக்குப்பூச்சு, முத்துச்சிப்பிப் பதிப்பு உள்ள எதையும் இடவேண்டா. நிப்பு அடித்தளத்தில் உராயாதபடி, குளிர்ந்த நீர் நிறைந்த சிறு கண்ணாடிக் குவளையில் அதை வைத்துக் குவளையைத் தொட்டிநீரில் நிறுத்துக. ஒலி கண்ணாடியைக் கடந்து செல்லும். முப்பது நொடி ஓடவிட்டு நிறுத்துக. பிளவிலிருந்து மை புகைபோல் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். மை இறங்குவது நிற்கும்வரை நீரை மாற்றி மீண்டும் ஓடவிடுக. ஓட ஓட நீர் சூடேறும் என்பதால் இடைவெளி தேவை. பாத்திரச் சோப்பு ஒரு துளி சேர்க்கலாம்; ஆல்கஹால் தீப்பற்றும், பிளாஸ்டிக்கையும் கெடுக்கும் என்பதால் சேர்க்கக்கூடாது. கருவி ஓடும்போது நீரில் விரலை விடாதீர்கள். பின்னர் அலசுக.”

‘அடித்துண்டு’ எனக்கே நிறைவளிக்கவில்லை. மை இறங்கும் வழியைச் சுட்டும் நல்ல சொல் யாரிடமேனும் இருந்தால் தருக.