டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் இழுவை போகிறதா? பிக்கப் குழாயைப் பாருங்கள்

என்னுடையது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற) டீசல் இன்ஜின் உள்ள பழைய ஃபோர் வீல் டிரைவ். டேங்க் நிறைய இருக்கும்வரை எந்தக் குறையும் இல்லை. பாதிக்குக் கீழே போய்விட்டால் செங்குத்தான ஏற்றத்தில் இழுவை சட்டென்று விழுந்துவிடும். சமதளத்துக்கு வந்ததும் பழையபடி ஓடும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்க வேண்டியிருந்தது. விசாரித்த இடத்திலெல்லாம் இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப் என்று பெரிய செலவையே சொன்னார்கள். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு டீசல்கூட இல்லை, அதனால் லைனில் கோளாறு இருக்காது என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு இந்த வகை வண்டிக்குப் பொருந்தாது. டேங்குக்குள் பம்ப் கிடையாது. ஹை பிரஷர் பம்போடு சேர்ந்திருக்கும் ஃபீட் பம்ப்தான் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சுகிறது. இன்ஜின் ஓடும்போது அந்த லைனுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எங்காவது விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் சோதனை. ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவில், உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரிகிற டீசல் ஹோஸ் ஒரு துண்டும், டி ஜாயின்ட் போட்டு ஒரு வேக்குவம் கேஜும் மாட்டினோம். குமிழி வந்தால் காற்று நுழைகிறது. குமிழி இல்லாமல் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த கேஜ் முள் ஏறிக்கொண்டே போனால் முன்னால் எங்கோ அடைப்பு. என் வண்டியில் இரண்டும் இருந்தன. டேங்கைக் கழற்றிப் பார்த்தால் பிக்கப் குழாயின், அதாவது டேங்குக்குள் இறங்கி டீசலை எடுக்கும் குழாயின், நுனியில் இருக்கும் சல்லடையில் கரும்பழுப்பாக வழவழப்பு படிந்திருந்தது. டேங்க் அடியில் தண்ணீர் தேங்கினால் டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து இப்படித்தான் படியும். குழாயின் மேல்பகுதியில் துருப்பிடித்து ஊசி முனையளவு ஓட்டை வேறு. டேங்க் நிறைய இருக்கும்போது அந்த ஓட்டை டீசலில் மூழ்கியிருக்கும். அதன் வழியாகவும் டீசல்தான் போகும். டீசல் மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் காற்று. பாதி டேங்க் மர்மம் அத்தோடு தீர்ந்தது.

புதிய பிக்கப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பம்ப் வாங்குவதில்தான் ஆர்வம் காட்டுகிறார்கள். 10 மி.மீ. உள்விட்டக் குழாய், நுனி சாய்வாக வெட்டியது. டேங்கின் அடித்தளத்திலிருந்து 10 முதல் 15 மி.மீ. உயரத்தில் நிறுத்தினோம். ஒட்டி வைத்தால் தேங்கிய தண்ணீரையும் கசடையும்தான் முதலில் இழுக்கும். ஏற்றத்தில் டீசல் டேங்கின் பின்பக்கம் சாயும் என்பதால் முனையும் அந்தப் பக்கம். ரிட்டர்ன் லைன் டேங்குக்குள் கொட்டும் இடம் பிக்கப்புக்குத் தள்ளி இருக்க வேண்டும். திரும்பி வரும் டீசல் சூடாகவும் நுரையோடும் வரும். நுனிச் சல்லடையைத் திரும்பப் போடவில்லை. அதற்குப் பதிலாக டேங்குக்கு வெளியே, கை எட்டும் இடத்தில், 30 மைக்ரான் முன்ஃபில்டரும் தண்ணீர் பிரிப்பானும் சேர்ந்த ஒரு யூனிட். இனி அடைத்தால் டேங்கை இறக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் 12 வோல்ட் எலக்ட்ரிக் லிஃப்ட் பம்ப், அதாவது டேங்கிலிருந்து டீசலை எடுத்து ஃபில்டர் பக்கம் தள்ளும் பம்ப். டேங்குக்குப் பக்கத்தில், முடிந்த அளவு தாழ்வாக. இப்போது ஃபில்டர் மாற்றினால் கீயை ஆன் செய்து கொஞ்சம் காத்திருந்தால் போதும், பம்பே ஃபில்டரை நிரப்பிவிடும். ஃபீட் பம்ப் நுழைவாயிலுக்கு வண்டித் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கும் அழுத்தத்தைத் தாண்டாத பம்பாகப் பார்த்து வாங்குங்கள். ஓட்டையை அடைக்காமல் பம்ப் மட்டும் போட்டால், பம்புக்கு முன்னால் இருக்கும் ஓட்டையில் காற்று முன்னைவிட வேகமாக நுழையும். வரிசையை மாற்றாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

—

அண்ணா, காலை ஸ்டார்ட் தொல்லை எனக்கும் இருந்தது, ஆனால் டேங்க் பக்கம் எல்லாம் சரி. ஃபில்டர் தலையில் இருக்கும் கை பிரைமருக்குள் (கையால் அமுக்கி லைனில் டீசலை நிரப்பும் சின்ன பம்ப்) ரப்பர் டயாஃப்ரம் வெடித்திருந்தது. இரவெல்லாம் அந்த வழியாகக் காற்று புகுந்து, லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பிரைமரை அமுக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும், கொஞ்சம் அடித்த பிறகுதான் கெட்டியாகும். புது ஃபில்டர் தலை மாற்றியதும் நின்றுவிட்டது. லிஃப்ட் பம்ப் இன்னும் போடவில்லை, தேவையும் படவில்லை.

இன்னொன்று. திருகிப் பூட்டுகிற ஃபில்டரில் டீசல் ஊற்றி நிரப்பி மாட்டுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. நடு ஓட்டை வடிகட்டிய பக்கம். அதில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராக ஹை பிரஷர் பம்புக்குப் போகும். அந்தப் பம்புக்கு எண்ணெய் மாதிரி இருப்பதும் டீசல்தான், தூசு ஆகவே ஆகாது. பிரைமரால் நிரப்புவதே நல்லது.

—

நான் உயரமான மலைப்பாதைகளில் ஓட்டுகிறவன். உறிஞ்சும் லைனில் டீசலைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தானே. 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். கீழே தெரியாத சின்ன அடைப்பு மேலே போனால் பெரிதாகத் தெரியும். லிஃப்ட் பம்ப் போட்ட பிறகு எனக்கு அங்கே நல்ல வித்தியாசம். பம்ப் செத்துப்போனாலும் அதன் வழியாக டீசல் போகிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு வழி வால்வோடு பைபாஸ் லைன் வைக்க வேண்டும்.

அப்புறம், பம்ப் வயரிங். கீயிலிருந்து மட்டும் கரண்ட் எடுத்தால் விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடவில்லை என்றால் துண்டிக்கிற ரிலே கட்டாயம் வேண்டும்.

அண்ணா, ரிலே இருந்தும் உங்களுக்குக் கீ ஆன் செய்ததும் பிரைமிங் ஆகிறதா, அதாவது ஃபில்டர் நிரம்புகிறதா?

—

ஆகிறது தம்பி. கீ போட்டதும் சில வினாடி ஓடவிட்டு, இன்ஜின் சுற்றாவிட்டால் நிறுத்துகிற ரிலே வைத்திருக்கிறேன். ஃபில்டர் மாற்றும்போது கீயை நிறுத்தி நிறுத்தி மறுபடி போடுவேன். காற்றை வெளியேற்றும் பிளீட் திருகில் குமிழியில்லாமல் டீசல் வந்த பிறகுதான் செல்ஃப். பழைய இன்ஜின் வழக்கத்தில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திக் காற்றெடுக்க யாரும் போகாதீர்கள். காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.