ஜாப் ஒர்க் பாக்கி: கவுன்சிலுக்குப் போறதா, பேசி முடிக்கிறதா?

ஓவர்லாக்8:
திருப்பூர்ல எட்டு மெஷின் வச்சு ஸ்டிச்சிங் ஜாப் ஒர்க் பண்றேனுங்க. ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டி 4.6 லட்சம் பாக்கி. கடைசி டெலிவரி போய் ஆறு மாசம் ஆச்சு. கேக்கறப்பெல்லாம் "பையர் பணம் வரல"ன்னாங்க. போன வாரம் திடீர்னு 1.2 லட்சம் பாக்கில கழிச்சுக்கறோம்னு டெபிட் நோட்: ஆயில் கறை, தையல் விட்டிருக்குன்னு. எல்லா டிசிலயும் (டெலிவரி சலான்) அவங்க இன்வார்டு சீல் இருக்கு, சூப்பர்வைசர் "செக்கிங் ஓகே"ன்னு எழுதி கையெழுத்தும் போட்டிருக்கார். ஒரு லட்சத்துக்கு செக் ஒண்ணு கையில இருக்கு, "சொல்றப்ப போடுங்க"ன்னு குடுத்தது. சின்ன யூனிட் பாக்கிய விசாரிக்கிற எம்எஸ்எம்இ கவுன்சிலுக்கு அரசு போர்ட்டல்ல புகார் போடலாமுங்களா?

கோவை_வக்கீல்:
உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) ஆர்டருக்கு முன்னாடியே இருக்கான்னு முதல்ல பாருங்க. பின்னாடி பதிஞ்சிருந்தா, பதிவு முன்னாடியே இருக்கணும்ங்கற 2021 சில்பி இண்டஸ்ட்ரீஸ் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைக் காட்டி எதிர்ப்பாங்க. இருந்தா தாராளமா போடலாம். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, சரக்கு இறங்கி 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் சொல்லலைன்னா ஏத்துக்கிட்டதாத்தான் கணக்கு. ஒப்பந்தமே போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல தவணை செல்லாது. தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்ல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6ன்னா உங்களுக்கு 18 சதம்.

லைன்ல_முப்பது:
சட்டம் சரிதானுங்க. ஆனா "கேஸ் போடற யூனிட்"னு ஒருக்கா பேர் வந்துச்சுன்னா அடுத்த சீசனுக்கு எவன் கட்டிங் பீஸ் அனுப்புவான்? ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசருங்க எல்லாம் இன்னைக்கு இந்தக் கம்பெனி, நாளைக்கு அந்தக் கம்பெனி. சேதி பரவ ஒரு டீ நேரம் போதும். சங்கத்துல ஒரு பெரியவரை உக்கார வச்சுப் பேசி, டெபிட்ல பாதிய விட்டுட்டு மீதிய வாங்கிட்டு வர்றதுதான் பொழப்பு.

கோவை_வக்கீல்:
அண்ணா, கவுன்சிலும் முதல்ல சமரசம்தான் பேசும். முடியலைன்னாத்தான் ஆர்பிட்ரேஷன், அதாவது விசாரிச்சுத் தீர்ப்பு. உங்க பெரியவர் முன்னாடி பேசினதை மறுநாள் இல்லைன்னு சொல்லிடலாம், கவுன்சில் சமரசத்துல கையெழுத்துப் போட்டா அப்படி நழுவ முடியாது. தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகணும்னா தொகையில 75 சதம் கட்டிட்டுத்தான் போகணும். அந்தப் பயத்துலயே பாதிப் பேர் வட்டிய மட்டும் தள்ளுபடி பண்ணுங்கன்னு அசலோட வந்துடறாங்க.

ஏற்றுமதிப்_பக்கம்:
எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. பீஸ் கப்பல்ல போய், கடைக்குப் போய், அதுக்கப்புறம்தான் பையர் குறை இருக்கு, பணத்தைக் கழின்னு கிளெய்ம் அனுப்பறான். 15 நாள்ல நாங்க எதைக் கண்டுபிடிக்கிறது? இதுல வருமான வரில 43பி(எச்)னு வந்த விதி வேற. குறு, சிறு யூனிட்டுக்கு 45 நாள் தாண்டி மார்ச் 31ல பாக்கி நின்னா அந்த வருஷம் செலவாக் கழிக்க முடியாது. அதனாலயே உத்யம் இல்லாத யூனிட்டாப் பாருங்கன்னு சில ஆடிட்டர்களே சொல்றாங்க. சட்டம் இறுக்க இறுக்க சின்ன யூனிட்டுக்குத்தான் ஆர்டர் கைவிட்டுப் போகுது, பாத்துக்கங்க.

ஓவர்லாக்8:
கிளெய்ம் வந்துச்சுன்னா அந்த லெட்டரைக் காட்டட்டுமுங்க. எந்த ஸ்டைல், எத்தனை பீஸ்னு டெபிட் நோட்ல ஒரு வரி கூட இல்ல. ஸ்டிச்சிங் முடிஞ்சப்புறம் அயர்னிங், பேக்கிங் எல்லாம் அவங்க ஃபேக்டரிலதான் நடந்துச்சு. கறை எங்க பட்டுச்சுன்னு யார் சொல்றது? பையர் ரிஸ்க்கையும் நான்தான் சுமக்கணும்னா பீஸ் ரேட்ல எங்க ஏத்திக் குடுத்தாங்க? உத்யம் 2021லயே எடுத்தாச்சு.

ஏற்றுமதிப்_பக்கம்:
லெட்டர் இல்லாத டெபிட்டை நானும் ஆதரிக்கல.

லைன்ல_முப்பது:
அதைத்தான் பேசிக் கேளுங்கன்னேன். கவுன்சில் 90 நாள்ல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடக்கறதே வேற. அது வரைக்கும் தையக்காரங்களுக்கு வாரக்கூலி யார் குடுக்கறது?

கோவை_வக்கீல்:
இழுக்கும்தான், ஒத்துக்கறேன். ஆனா செக்குல என்ன தேதி? மூணு மாசம் தாண்டினா வெறும் காகிதம்.

ஓவர்லாக்8:
ரெண்டரை மாசம் ஆச்சுங்க.

கோவை_வக்கீல்:
அப்ப இந்த வாரமே போடுங்க. திரும்பி வந்தா, பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அவங்களுக்கு 15 நாள், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள செக் பவுன்ஸுக்கான 138வது பிரிவுல கோர்ட்ல புகார். ஸ்டாப் பேமெண்ட் குடுத்தாலும் 138 பொருந்தும். கூடவே டெபிட் நோட்டை ஏத்துக்கலைன்னு ரிஜிஸ்டர் தபால் அனுப்பிடுங்க. சும்மா இருந்தா, பின்னாடி ஒத்துக்கிட்டதா வாதம் பண்ணுவாங்க.

லைன்ல_முப்பது:
போடறதுக்கு முன்னாடி அக்கவுண்ட்ஸ்ல ஒரு போன் பண்ணிச் சொல்லிருங்க தம்பி. சொல்லாமப் போட்டா முதலாளிக்கு ரோசம் வந்துரும்.

கோவை_வக்கீல்:
போன் வேண்டாம், வாட்ஸப்ல எழுதுங்க.

ஓவர்லாக்8:
சரிங்க, எழுதிட்டு திங்கக்கிழமை செக்கைப் போடறேன். தபாலும் போகுது. போர்ட்டல்ல போடறதைப் பத்தி வீட்ல பேசணும், மெஷின் லோன் அவங்க பேர்லதான் இருக்கு.