கப்பல் பயணத்துக்கு ஸ்ட்ரோலர் வாங்குமுன் அறைக்கதவின் அகலத்தைக் கேளுங்கள்

ஒன்றரை வயது மகளுடன் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் கப்பலில் சென்று வந்தோம். நடை பழகிய குழந்தையோடு இதே வழியில் செல்லவிருக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால், ஸ்ட்ரோலரைப் பற்றி, அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிச் செல்லும் வண்டியைப் பற்றி, நாங்கள் அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கடையில் நாம் வழக்கமாகப் பார்ப்பது இருக்கையின் மென்மையையும் சக்கரங்களின் ஓட்டத்தையும்தான். கப்பலுக்கென்று வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அகலம். பல கப்பல்களில் சாதாரண அறையின் கதவுத் திறப்பு சுமார் 58 செ.மீ., அதாவது 23 அங்குலம்தான் இருக்கும். பூங்காவில் தள்ளிச் செல்லும் பெரிய ஸ்ட்ரோலர்கள் பலவும் அதற்குள் நுழையாது. வெளியே நிறுத்திக்கொள்ளலாம் என்று எண்ணவும் வழியில்லை. தீ போன்ற ஆபத்து நேர்ந்தால் எல்லோரும் வெளியேற வேண்டிய பாதை அந்தக் குறுகிய நடைவழியே என்பதால், அங்கே எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது விதி. எங்கள் தளத்தில் இரட்டைக் குழந்தைகளோடு வந்திருந்த ஒரு தாய், பக்கத்துக்குப் பக்கம் இருக்கை கொண்ட வண்டியை ஒவ்வொரு முறையும் கதவருகே நின்று மடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு குழந்தை மின்தூக்கியை நோக்கி ஓடிவிடும். இரட்டையர் என்றால் முன்னும் பின்னுமாக இருக்கை அமைந்த வண்டியே நல்லது.

அறைக்குள்ளும் இடம் குறைவு. கேட்டால் குழந்தைக்குத் தொட்டில் தருவார்கள். அதை விரித்த பிறகு கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நடக்க மட்டுமே வழியிருக்கும். ஆகவே மடித்தபின் கட்டிலுக்கு அடியில் போகும் வண்டிதான் வசதி. நாங்கள் எடுத்துச் சென்ற, யோயோ என்ற பெயருள்ள சிறிய மடக்கு வண்டி 44 செ.மீ. அகலம், மடித்தால் 52 செ.மீ. நீளம், 18 செ.மீ. தடிமன். பெட்டிகளுக்குப் பக்கத்தில் அது எளிதாக அடங்கியது.

சிறிய வண்டி என்பதற்காகச் சாய்க்க முடியாத இருக்கையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். இரவு உணவு மெதுவாகவே பரிமாறப்படும்; மகள் ரொட்டியைப் பாதி தின்றதுமே கண்ணைக் கசக்கத் தொடங்குவாள். இருக்கையை முழுவதும் சாய்த்து, மேற்கூரையை இழுத்துவிட்டு, காலால் மெல்ல அசைத்தால் தூங்கிவிடுவாள். நாங்கள் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்தோம். எனக்கு எடைக் குறைவைவிட இதுவே பெரிதாகப் பட்டது.

புறப்படும் நாளில் மரினா பே கப்பல் முனையத்தில் பெரிய பெட்டிகளை ஒப்படைத்துவிடுவோம். அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். ஸ்ட்ரோலரை அவற்றோடு அனுப்பாமல் கையிலேயே வைத்திருங்கள். பாதுகாப்புச் சோதனையில் குழந்தையை இறக்கி, வண்டியை மடித்துத் தரவேண்டியிருந்தது. குழந்தையை ஒரு கையில் ஏந்தியபடி மறு கையால் மடிக்க முடிகிறதா என்பதைக் கடையிலேயே செய்து பாருங்கள்.

கரையில்தான் சிறிய சக்கரங்களின் குறை தெரிந்தது. பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் நிற்கிறது. அங்கிருந்து கார்ன்வாலிஸ் கோட்டை வழியாக லிட்டில் இந்தியாவுக்கும், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள்களும் சரக்குப் பெட்டிகளும் வழியை மறிக்கும்போது சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. முன்சக்கரம் ஒருமுறை சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் மாட்டியது. கணவர் தூக்கித்தான் விடுவித்தார். கப்பலுக்காக வாங்கும் வண்டி ஊர் சுற்றவும் முழுமையாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க இயலாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், அறைக்கு ஏற்றதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

புக்கெட்டில் கப்பல் பட்டோங் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டது; சிறு படகில் கரைக்குப் போனோம். படகு ஏறி இறங்கி ஆடும்போது குழந்தை வண்டியில் இருக்கக் கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். கடற்கரை மணலிலும் வண்டி நகராது. அன்று ஸ்ட்ரோலரை அறையிலேயே விட்டுவிட்டு, மகளை மார்போடு கட்டும் தூளியில் சுமந்து சென்றோம். அந்தத் தூளியையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.