தவறணை இருக்கிறது

அன்பான ஊர் உறவுகளுக்கு,

யாழ்ப்பாணம் போய் ஊரைப் பார்த்துத் திரும்பிப் பத்து நாளாகிறது. வாசிகசாலைக் கூரை பற்றிய விவரங்களைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் தனிமடலில் அதிகம் பேர் என்னிடம் கேட்டது வேறொன்று: பனங்கூடலுக்குள் இருந்த கள்ளுத் தவறணை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. கிடுகுக் கூரை போய்த் தகரம் வந்துவிட்டது, நிலம் சீமெந்தாகிவிட்டது. வேப்பமரத்தின் கீழ் கிடந்த பனங்குற்றிகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.

பகல் பதினொரு மணிக்குப் போனேன். கள் இறக்கும் சீவல் தொழிலாளர்கள் சைக்கிளில் வந்து இறங்குகிற நேரம். மண் முட்டிக்குப் பதிலாக இப்போது பிளாஸ்டிக் கலன். முகாமையாளர் அளந்து ஊற்றிக் கொப்பியில் எழுதுகிறார். போத்தலா, கோப்பையா என்று கேட்டார். ஓலையைக் கோலிச் செய்கிற பிளாவில் வேண்டும் என்றேன். மூலையில் இருந்த முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு ஓலையை எடுத்து மடித்தார், கோலினார், நுனியைச் சேர்த்து முடிந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, நுரையில் மிதந்த எறும்பை விரலால் ஒதுக்கிவிட்டு, ஒரு மிடறு குடித்தேன். முதலில் வருவது கள்ளின் சுவையல்ல, பச்சை ஓலையின் வாசம். அதற்குப் பிறகுதான் இனிப்பும் மெல்லிய புளிப்பும். பக்கத்தில் மிளகாய்த்தூள் தூக்கலாகப் பொரித்த மீன். இருபத்தாறு வருடம் கழித்து அந்த வாசம் மூக்கில் ஏறியபோது கண் கலங்கியதை மறைக்கவில்லை.

இங்கே தமிழ்க் கடைகளில் கள் போத்தலில் கிடைக்கிறதே என்பீர்கள். நானும் வாங்குகிறேன், அந்தக் காசு ஊரில் ஒரு தொழிலாளிக்குப் போய்ச் சேர்ந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் கள் பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மத்தியானம் ஒரு சுவை, பொழுதுபட வேறொரு சுவை. அந்தப் புளிப்பை நிறுத்தினால்தான் போத்தல் கப்பலேறும். தவறணையில் நாம் குடித்தது அந்த நேரத்துக் கள். அதை எந்தப் பெட்டியிலும் அனுப்ப முடியாது.

பேச்சும் அப்படித்தான். யாருடைய கிணறு வற்றியது, எந்தத் தோட்டத்தில் வெங்காயம் அழுகியது, யாருடைய மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், எல்லாம் அங்கேதான் முதலில் தெரியவரும். பெரியப்பா வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அந்தக் குற்றியில் உட்கார்ந்தால் கதை சொல்லுவார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் அலைந்த நாட்களில்கூட அந்த இடம் ஓயவில்லை. பதுங்குகுழிக்கென்று பனைகளைத் தறித்துக்கொண்டிருந்தபோதும் மிச்சமிருந்த மரங்கள் சொரிந்தன.

ஒன்றை மறைக்கக் கூடாது. என் பாட்டன் காலத்தில் அங்கே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்ததில்லை. சாதி பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார்கள். இறக்கித் தந்தவரையே எட்ட நிற்கவைத்தார்கள். எழுபதுகளில் குத்தகைக்காரர் போய்க் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு, கள் இறக்குகிறவர்களே தவறணைக்கும் சொந்தக்காரர்கள் ஆனார்கள். இப்போது எனக்குப் பிளா கோலித் தந்தவரும் நானும் ஒரே குற்றியில் இருந்தோம். அந்தத் தவறணையில் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிந்தது இதுதான்.

அவருக்கு நெஞ்சிலும் முன்கையிலும் மரம் உரசிய காய்ப்பு, தொட்டால் தோல்போலவே இல்லை. நாற்பது வருடம் நாளுக்கு இரண்டு தடவை ஏறியிருக்கிறார். மகன் ஏறுவதில்லை. அவன் ஏற வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் வீட்டுக்குப் போத்தல் எடுப்பிக்காமல் நேரே அங்கே போய் உட்காருங்கள். மாரியில் போகிறவர்களுக்குப் பனங்கள் கிடைக்காது, தென்னங்கள்ளுத்தான் வாய்க்கும். மத்தியானத்துக்கு முன்னே போய்விடுங்கள். பிளா கேளுங்கள், கேட்டால்தான் கோலுவார்.