பதில்: அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம் – ‘கண்காணிப்பு’ வேண்டாம், ‘நகர்வேடு’ போதும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மனிதவளத் துறை மென்பொருள்களுக்கான நம் சொற்பட்டியலில், அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம் (வேலைக்கு வரும் விண்ணப்பங்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்று காட்டும் மென்பொருள்) என்ற ஒன்றுக்குத் தமிழ் காண்பதில் மட்டும் விவாத இழை நீண்டுகொண்டே போகிறது. சம்பளப் பட்டியல், விடுப்பு இருப்பு, பணிமூப்பு எல்லாம் சண்டையில்லாமல் முடிந்துவிட்டன. அவற்றுக்கு நம் அலுவலகங்களில் ஏற்கெனவே சொல் இருந்தது. இதற்கும் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. அதற்கு முன், வந்திருக்கும் இரண்டு பரிந்துரைகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

> விண்ணப்பதாரர் கண்காணிப்பு அமைப்பு என்றே வைத்துவிடலாம். டிராக்கிங் என்றால் கண்காணிப்புதானே?

இல்லை ஐயா. இந்த மென்பொருள் விண்ணப்பதாரரைக் கண்காணிப்பதில்லை. விண்ணப்பம் வந்தவுடன் தன்விவரக் குறிப்பிலிருந்து பெயர், படிப்பு, அனுபவம் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துக் கட்டங்களில் நிரப்புகிறது. பிறகு அது எந்த நிலையில் நிற்கிறது, யார் மேசையில் இருக்கிறது, நேர்காணல் என்றைக்கு, நேர்காணல் செய்தவர் என்ன குறிப்பு எழுதினார், நியமன ஆணை போயிற்றா, மறுப்புக் கடிதமாவது போயிற்றா என்று காட்டுகிறது. நகர்வது விண்ணப்பம். ஆள் தன் வீட்டில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருக்கிறார். அவர் என்ன செய்கிறார் என்று இதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மலையகத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் எழுதுகிற நண்பர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆள் சேர்ப்பதையும் ஆளை வேலை வாங்குவதையும் ஒருவர் கையிலேயே கொடுத்துவைத்த ஏற்பாடு ஒன்று நம் வரலாற்றில் இருந்தது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டியவர் கங்காணி. தோட்டத்தில் அவர்கள் தலைக்கு மேல் நின்றவரும் அவரே. கண்காணி என்ற சொல்தான் வாய்வழக்கில் கங்காணி ஆயிற்று. வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் கடனாக ஏறும். அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் தொழிலாளி அடுத்த தோட்டத்துக்கு மாற முடியாது. இலங்கையில் இந்தத் துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டுத்தான் ஒழிக்க வேண்டியிருந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு உடலுழைப்புத் தொழிலாளர்களைத் திரட்டி அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. இத்தனைக்கும் பிறகு, ஆட்சேர்ப்புக்கான மென்பொருளின் நெற்றியிலேயே ‘கண்காணிப்பு’ என்று எழுதி ஒட்டுவதா? ஹட்டனில் வேலை தேடுகிற ஒரு பெண் அந்தத் திரையைத் திறந்தால் அவருடைய பாட்டி காலத்துக் கதைகள் நினைவுக்கு வராமலா இருக்கும்?

அந்தச் சொல்லைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் வேறு. விசைப்பலகையில் எத்தனை தட்டல் என்று எண்ணுவது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பணியாளரின் திரையைப் படம் பிடிப்பது, விநியோகத்துக்குப் போனவர் எங்கே நிற்கிறார் என்று வரைபடத்தில் பார்ப்பது: பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பெருகியபோது இவை வேகமாகப் பரவின. இவற்றைப் ‘பணியாளர் கண்காணிப்பு’ என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். ‘செயல்திறன் மேம்பாட்டுக் கருவி’ என்ற இனிப்புத் தடவிய சொல் நம் பட்டியலுக்குள் நுழையக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடத்தில் ஆளின் முகத்தையோ குரலையோ வைத்து அவர் உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளை மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர மற்றவற்றுக்குத் தடை செய்திருக்கிறது; 2025 பிப்ரவரியிலிருந்து அந்தத் தடை நடப்பில் இருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான சில நோக்கங்களுக்குப் பணியாளரின் இசைவைக் கேட்காமலேயே அவர் தரவைக் கையாள 7-ஆம் பிரிவில் முதலாளிக்கு வழி விட்டிருக்கிறது. இங்கே பணியாளருக்குக் காவலாக நிற்பவற்றில் சொல்லும் ஒன்று. கண்காணிப்பை எங்கும் எதற்கும் எழுதித் தேய்த்துவிட்டால், உண்மையான கண்காணிப்பு வரும்போது அந்தச் சொல்லில் உறைப்பு இருக்காது.

> அப்படியானால் தடமறி அமைப்பு?

தடமறிதல் என்றதும் எனக்குக் காவல்துறையின் மோப்ப நாய் நினைவுக்கு வருகிறது. கொரோனா நாள்களில் நோயாளி யார் யாரைச் சந்தித்தார் என்று தேடியதற்கும் இந்தச் சொல் பயன்பட்டுவிட்டது. குற்றவாளிக்கும் தொற்றுக்கும் உழைத்த சொல்லை வேலை கேட்டு வருகிறவர் மீது சுமத்த வேண்டாம்.

இனி என் பரிந்துரை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ இருந்தவர்கள் குழுவில் சிலர் உண்டு. அவர்களுக்குத் தன்பதிவேடு தெரியும். உள்ளே வரும் ஒவ்வொரு தபாலும் முதலில் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும், எண் பெறும், உரிய இருக்கைக்குப் போகும். அங்குள்ள உதவியாளர் அதைத் தன்பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இன்ன தேதியில் கண்காணிப்பாளருக்கு வைத்தது, இன்ன தேதியில் திரும்பியது, யாரிடம் விளக்கம் கேட்டது, நினைவூட்டு எப்போது போனது என்று அந்த ஒரு பக்கத்தில் கோப்பின் பயணம் முழுவதும் இருக்கும். மேலதிகாரி ஆய்வுக்கு வந்தால் முதலில் கேட்பதும் அதைத்தான். கோப்பு முடிந்தபின் ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு என்று வகை குறித்துப் பதிவறைக்கு அனுப்புவார்கள். எதை எப்போது அழிக்கலாம் என்பது அந்த முத்திரையிலேயே அடங்கிவிடும். நிராகரிக்கப்பட்டவரின் தன்விவரத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று இன்றைய மனிதவள மேலாளர்கள் ஆலோசகருக்குப் பணம் கொடுத்துக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நம் எழுத்தர்கள் அட்டை போட்ட பேரேட்டில் விடை எழுதி வைத்திருந்தார்கள்.

ஆகவே, விண்ணப்ப நகர்வேடு. நகர்வு, ஏடு. விண்ணப்பம் என்பது இடத்திலேயே விளங்குமானால் வெறும் நகர்வேடு.

வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்: நகர்வேட்டில் ஏற்றியாயிற்று, நகர்வேட்டைத் திறங்கள், நகர்வேட்டுக்கு வரவில்லை. நாக்கு எங்கும் தடுக்கவில்லை. ‘விண்ணப்பதாரர் கண்காணிப்பு அமைப்பில் பதிவேற்றம் செய்யப்பட்டது’ என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு பேசலாம்.

இது வெறும் காதுக்கு இனிமை பற்றிய பேச்சும் இல்லை. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்காகத் தமிழ்ப்படுத்திய திரையைச் சோதிக்கக் கொடுத்திருந்தார்கள். தையல் பிரிவு மேற்பார்வையாளர்கள் கைப்பேசியில் பார்ப்பது. இடப்பக்கப் பட்டியில் ஆங்கிலத்தில் ஏ.டி.எஸ். என்று மூன்றெழுத்து இருந்த இடத்தில் தமிழ் நுழையவில்லை. ‘விண்ணப்பதாரர் கண்…’ என்று வெட்டுப்பட்டு நின்றது. கண் மருத்துவ முகாமா என்று ஒருவர் கேட்டார். நகைச்சுவையாகத்தான் கேட்டார், ஆனால் அதன்பின் அவர்கள் அனைவரும் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கோவையிலிருந்து எழுதிய அம்மா, ‘ஏடு’ பழைய வாடை அடிக்கிறது, ஓலைச்சுவடி போல இருக்கிறது என்றார். வருகைப்பதிவேட்டைப் பாருங்கள் அம்மா. கையெழுத்துப் போய், கைரேகை வந்து, இப்போது முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கிறது. சொல் வருகைப்பதிவேடாகவே இருக்கிறது. யாருக்கும் ஓலை நினைவுக்கு வருவதில்லை.

‘அமைப்பு’ என்ற வால் இல்லையே என்று இன்னொருவர் கவலைப்பட்டார். இருக்கவே வேண்டாம் என்பேன். தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களின் சம்பளத்தையும் பணிப்பதிவேட்டையும் கணினிக்குக் கொண்டுபோனபோது அதற்கு ‘ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மை அமைப்பு’ என்று பெயர். எந்த அலுவலகத்திலும் அதை அப்படி யாரும் அழைக்கவில்லை; ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்று ஆங்கில எழுத்துகளை மூச்சுப் பிடித்துச் சொன்னார்கள். பிறகு வந்த செயலிக்குக் களஞ்சியம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது ‘களஞ்சியத்தில் விடுப்பு போட்டுவிட்டேன்’ என்கிறார்கள். பெயர் குறுகியதும் தமிழ் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நகர்வேடு என்பது விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கான பெயர். இப்போது விற்கப்படும் மென்பொருள்கள் பல இத்தோடு நிற்பதில்லை. வந்தவர்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, கீழே இருப்பவர்களை மனிதக் கண் படாமலேயே ஒதுக்கிவிடுகின்றன. அந்த வேலையை நகர்வேடு என்ற சாதுவான சொல்லுக்குள் மறைத்துவிடக் கூடாது. அதற்குத் ‘தானியங்கி வடிகட்டல்’ என்று தனிப் பதிவு கேட்கிறேன். அமேசான் நிறுவனம் 2014 முதல் சோதித்துப் பார்த்த ஒரு கருவி, முந்தைய 10 ஆண்டுகளில் வந்த தன்விவரங்களைப் படித்துப் பழகியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, ‘பெண்கள்’ என்ற சொல் வரும் தன்விவரங்களுக்கு, பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவி என்று இருந்தால்கூட, அது மதிப்பெண்ணைக் குறைத்தது. 2018-இல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது. நிறுவனம் அதற்கு முன்பே கருவியைக் கைவிட்டிருந்தது. நியூயார்க் நகரில் இத்தகைய கருவிகளை ஆண்டுக்கொருமுறை பாகுபாடு இருக்கிறதா என்று வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்ய வேண்டும், விண்ணப்பிப்பவருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற உள்ளூர்ச் சட்டம் 2023 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தெரிவிக்க வேண்டுமானால் பெயர் வேண்டும். ‘கூராய்வு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது மனிதர் உட்கார்ந்து பார்ப்பதற்கு இருக்கட்டும்.

மற்ற சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. புதியவரை வேலையில் சேர்த்துக்கொள்ளும் ஆன்போர்டிங்குக்குப் பணியேற்பு, எதிர்ப்பக்கத்துக்குப் பணிவிடுவிப்பு; இரண்டும் அரசாணைகளில் பழகியவை, இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. பீப்பிள் அனலிட்டிக்ஸுக்குப் ‘பணியாளர் தரவாய்வு’. ‘மக்கள் பகுப்பாய்வு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அது கணக்கெடுப்புத் துறை வேலை போல இருக்கிறது.

கடைசியாக, பட்டியலின் வரிசை. எந்தச் சொற்களை முதலில் முடித்து மென்பொருளாளர்களுக்கு அனுப்புவது என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டிருந்தார். உரையாடு பொறி (சாட்பாட்), திறன் வரைபடம், செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று எல்லோரும் அவற்றின் பின்னால் போகிறார்கள். என் கணக்கில் முதலிடம் பெயர்க் கட்டத்துக்கு. ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். நம்மவர்க்குக் கடைசிப் பெயர் ஏது? தலைப்பெழுத்து இருக்கிறது, அப்பா பெயரோ அம்மா பெயரோ இருக்கிறது. கடைசிப் பெயர் கட்டாயம் என்று மென்பொருள் நிற்கும். ஆள் ‘ச’ என்று நிரப்புவார். இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று அது திருப்பும். அவர் அப்பா பெயரை எழுதுவார். பிறகு ‘அன்புள்ள’ என்று தொடங்கி அப்பா பெயருக்கு நேர்காணல் கடிதம் வரும். அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆதாரில் ஒரு விதமாகவும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இன்னொரு விதமாகவும் பெயர் ஏறிவிட்டால், வேலை மாறிப் பணத்தை எடுக்கப் போகும் நாளில் திருத்த விண்ணப்பத்தோடு பழைய முதலாளியைத் தேடி அலைய வேண்டி வரலாம். ‘பெயர்’, ‘தலைப்பெழுத்து’, ‘தலைப்பெழுத்தின் விரிவு’ என்று மூன்று கட்டங்கள் போதும். இந்த மூன்று சொல்லும் தமிழில் இருக்கின்றன. மென்பொருளாளர் கட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. எங்கள் கோப்பு உங்களுக்குக் கோவை, எங்கள் பதிவேடு உங்களுக்கு இடாப்பு, எங்கள் மேலாண்மை உங்களுக்கு முகாமைத்துவம், எங்கள் வருங்கால வைப்பு நிதி உங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி. இவற்றை இணைச்சொற்களாக இரு பக்கமும் போட்டுவிடலாம் என்று ஏற்கெனவே முடிவு செய்தோம். நகர்வேடு மட்டும் அங்கும் இங்கும் ஒன்றாக இருக்க முடியுமா, அல்லது ‘ஏடு’ உங்கள் அலுவலகங்களில் வேறு எதையாவது குறிக்கிறதா? அதைத் தெரிந்துகொண்டபின், தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தளமான சொற்குவைக்கு அனுப்பும் படிவத்தை நிரப்புகிறேன். தானியங்கி வடிகட்டலுக்கு இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். எனக்கு அதில் முழு நிறைவு இல்லை.

அன்புடன்,
சொற்பட்டியல் குழுவிலிருந்து