சுடலை கோயில் கொடை – நம்ம குடும்பம்

ஞாயிறு

குமார்: பெரியப்பாவின் கணினி திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்க எந்த மென்பொருள் வாங்கலாம்? கடையில் ஜாஸ் வாங்கச் சொல்கிறார்கள், விலை அதிகம். இந்தக் கொடைக்கும் தலைக்கட்டு வரிக் கணக்கைத் தானேதான் எழுதுவேன் என்கிறார்

ராஜி அத்தை: பார்வை போன மனுசனை ஏன் சிரமப்படுத்துகிறீர்கள். தம்பி கணேசன் பார்க்கட்டும்

முத்து மாமா: மாப்பிள்ளை பார்த்த பந்தல் கணக்கே இன்னும் முடியவில்லை

கணேசன் சித்தப்பா: அத்தான், பந்தல்காரர் ரசீது தரவில்லை என்று சொல்லிவிட்டேன்

செல்வி: யாரும் காசு கொடுக்க வேண்டாம். என்விடிஏ என்று ஒரு மென்பொருள், அது இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்றவர் 2006இல் எழுதத் தொடங்கியது, வங்கியில் நான் தினமும் அதை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். ஜாஸும் நல்லதுதான், ஆனால் பணம் கட்டாமல் ஓட்டினால் 40 நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை அணைத்துப் போட வேண்டும். அதைவிட முக்கியம், பெரியப்பா எதில் கணக்கு எழுதப்போகிறார் என்பது. எந்த மென்பொருளாக இருந்தாலும் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையைத் தட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். ‘சேமி’, ‘அச்சிடு’ என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னால் சரி. வெறுமனே ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று சொன்னால் அது ஆகாது

குமார்: கடையில் காட்டிய கணக்கு மென்பொருள் அப்படித்தான் சொன்னது

செல்வி: அப்போ வேண்டாம். எக்செல் போதும். அம்புக்குறி விசையில் நகர்ந்தாலே கட்டத்தில் இருப்பதையும் அது ஏ3யா பி3யா என்பதையும் சொல்லும். தலைப்புக்காகக் கட்டங்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள், குழம்பிவிடும்

ராஜி அத்தை: சமையலுக்குப் போன தடவை வந்தவரேதானா?

முத்து மாமா: சாம்பாரில் உப்பே இல்லை

திங்கள்

பெரியப்பா: குரலில் சொல்லித்தான் இதை அனுப்புகிறேன். குமார் என்விடிஏ போட்டுக் கொடுத்தான். பழைய வரிப் பட்டியலைத் திறந்தால் என்னமோ உளறுகிறது. எழுத்தெழுத்தாகக் கேட்டேன், முருகன் பெயர் இருக்கிற இடத்தில் கே, யு, எஃப், டி, செமிகோலன் என்கிறது

ராஜி அத்தை: ஐயோ

செல்வி: பெரியப்பா, கணினி நன்றாகத்தான் இருக்கிறது. பட்டியலை யாரோ பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அதில் ஆங்கிலப் பெரிய கே போட்டால் ‘மு’ தெரியும், பெரிய யு போட்டால் ‘ரு’. பார்க்கிறவர்களுக்கு முருகன், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், அதைத்தான் அது வாசிக்கிறது. உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருப்பது யூனிகோடு. 2010இலேயே நம் அரசு அதை ஏற்று ஆணை போட்டுவிட்டது, நம் வீட்டுக் கோப்புகள்தான் இன்னும் மாறவில்லை. அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன். இனி யார் எதை அடித்தாலும் தயவுசெய்து யூனிகோடில் அடியுங்கள்

கணேசன் சித்தப்பா: நான் நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பட்டுமா?

செல்வி: அது வெறும் படம் சித்தப்பா, வாசிக்காது. கையெழுத்து வேறு. அடித்துத்தான் அனுப்ப வேண்டும்

முத்து மாமா: பந்தல் செலவையும் சேர்த்து

கணேசன் சித்தப்பா: 🙏

பெரியப்பா: வேகத்தைக் குறைத்துக்கொண்டேன், இப்போது புரிகிறது. இன்சர்ட்டோடு எஃப்12 அழுத்தினால் மணி சொல்கிறது. நான்தான் எழுதுவேன், ராஜி. இந்த வருஷம் தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி?

முத்து மாமா: போன தடவை போட்டதே போதும்

கணேசன் சித்தப்பா: விலைவாசிக்கு எப்படிப் போதும்? நேரில் பேசலாம்

குமார்: கடையில் ஜாஸ் வேண்டாம் என்று சொல்லிவிடவா?

ராஜி அத்தை: சமையல்காரர் போனில் இருக்கிறார், யாராவது பதில் சொல்லுங்கள்