ஆச்சி வீட்டில் வளரும் எட்டு வயதுப் பிள்ளை: படுக்கை நனைத்தல், காலை வயிற்றுவலி

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை, தென்காசி மாவட்டம்

வகுப்பில் ஒரு பிள்ளை. அம்மா புற்றுநோயில் இறந்து ஒன்றரை வருடம். அப்பாவுக்குக் குவைத்தில் வேலை. வளர்ப்பது அம்மாவைப் பெற்ற ஆச்சியும் தாத்தாவும். "அம்மா ஊருக்குப் போயிருக்கா, வருவா" என்றே இன்னும் சொல்லி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாகப் படுக்கையில் ஒன்றுக்குப் போகிறாள். பள்ளி நாளில் மட்டும் காலையில் வயிறு வலிக்கிறது. ராத்திரி எழுந்து ஆச்சிக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாளாம். "செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு" என்கிறார் ஆச்சி. எங்கே தொடங்குவது?

பதில் 1: குழந்தைகள் மனநல ஆலோசகர்

டீச்சர், முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள். நின்றுபோன பழக்கம் திரும்ப வந்தால் சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் கட்டாயம். மலச்சிக்கல் உண்டா என்றும் கேளுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் செம்பு செம்பாகக் குடிக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே அனுப்புங்கள். குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு மாலை ஐந்துக்குள் முடியட்டும். ராத்திரி டீ, காபி வேண்டாம். பாய்க்கு மேல் ரப்பர் ஷீட் போதும். திட்டினாலோ அக்கம்பக்கத்தில் சொன்னாலோ பயம் கூடும், நனைப்பதும் கூடும்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால், என் கணிப்பில் வேர் அந்தப் பொய்தான். செத்தவர் திரும்ப மாட்டார் என்பது எட்டு வயதுக்குப் புரியும். ஊர்ப் பேச்சில் பாதி காதில் விழுந்திருக்கும். கேட்டால் ஆச்சி அழுவாள் என்று கேட்காமல் இருப்பாள். அப்பா வீடியோ காலில் இருக்க, ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும்: "அம்மாவுக்குப் பெரிய நோய் வந்தது. வைத்தியம் பார்த்தும் இறந்துட்டா. இனி வரமாட்டா. நீ செஞ்ச எதனாலயும் இல்ல." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், பல பிள்ளைகள் பழியைத் தம்மேல் போட்டுக்கொள்ளும். "தூங்குறா" என்ற சொல் வேண்டாம். அப்புறம் ஆச்சி தூங்குவதே பயமாகிவிடும்.

"நான் எங்கயும் போகமாட்டேன்" என்று ஆச்சி சத்தியம் செய்யக் கூடாது. "எனக்கு முடியலன்னா சித்தி பார்த்துக்கிடுவா" என்று ஆளைக் காட்டட்டும்; மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளை அங்கே தங்கிப் பழகட்டும். வருஷத் திதிக்கு முன்பின் எல்லாம் சற்றுக் கூடலாம். அன்றைக்கு அவளை அடுத்த வீட்டுக்கு அனுப்பாமல், படத்துக்குப் பூ வைக்கச் சொல்லுங்கள்.

வயிற்றுவலிக்காக வீட்டில் நிறுத்தினால் மறுநாள் வலி கூடும். ஆச்சி வாசலோடு திரும்பட்டும், நீங்கள் அங்கேயே கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வலி இருந்தால் உடனே மருத்துவர்.

பதில் 2: பள்ளி ஆலோசகர்

அப்பாவின் அழைப்பு நினைத்தபோது வருவதை விட, வாரம் இரண்டு முறை குறித்த நேரத்தில் வருவது நல்லது. குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு எட்டுக்குக் கூப்பிட்டால் இங்கே பத்தரை, பிள்ளை தூங்கியிருக்கும். வெள்ளி அங்கே விடுமுறை. மதியம் மூன்றுக்கு அழைத்தால் இங்கே ஐந்தரை. "நல்லாப் படிக்கியா?" என்பதோடு முடித்துவிடாமல் மதியம் என்ன சாப்பிட்டாள், யாரோடு விளையாடினாள் என்று கேட்கட்டும்.

கேட்டவர்

"பைத்தியக்கார டாக்டரிடம் வரமாட்டேன்" என்கிறார் ஆச்சி. அப்பாவும் இங்கே இல்லையே, சம்மதம் யார் கொடுப்பது?

பதில் 3: குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்

வயிற்றுவலி என்று அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள், அதுவும் உண்மைதானே. அங்கிருந்தே மனநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருவார் என்று முன்பே விசாரியுங்கள். அதற்குள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு ஆச்சியே பேசலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள். மகளைப் பறிகொடுத்தவர் அவர். அவருடைய தூக்கத்தையும் பிரஷரையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

ஆலோசனைக்கு ஆச்சி கூட வந்தால் போதும். மருந்து தேவைப்பட்டால் அப்பாவின் சம்மதம் வேண்டும். கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

"நானும் அம்மாகிட்ட போறேன்" என்று பிள்ளை சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை, தனியாக விடக் கூடாது. தாத்தாவின் சர்க்கரை மாத்திரையையும் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் இன்றே பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.